சிட்டா இல்லாமல் விதை கேட்ட அம்மா

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்பதை நீ அனுப்பிய போட்டோவே சொல்லிவிட்டது. சீர்காழிக்குப் போய் வேளாண்மை அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கன்னம் உப்பிவிட்டது. உன் அப்பா அந்தப் போட்டோவை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இவராகவேதான் காட்டியிருப்பார். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு மட்டும் உன் மேல் ஒரு கோபம் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப்போல் புதிதாக நாற்காலியில் உட்கார்ந்த நாலு பேர் படிக்கட்டும் என்று இதை அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

கோபம் என்னவென்று உனக்கே தெரிந்திருக்கும். பங்குனிக் கடைசியில் ஒருநாள் போன் செய்து, ஆபீசில் நடந்த கூத்து என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒரு அம்மா வந்து, மண்ணுக்கு உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டு விதை கேட்டாராம். அரசாங்கம் மானிய விலையில் கொடுக்கும் விதை, அதற்குச் சிட்டா வேண்டும். நிலம் அவர் பேரில் இல்லை. குத்தகைக்குப் பயிர் செய்கிறார், அதுவும் வாய்ப்பேச்சுக் குத்தகை. நிலத்துக்காரர் எங்கோ வெளியூரில் இருக்கிறார். விதி இப்படி என்று நீ எடுத்துச் சொன்னாய். அவர் சண்டை போட்டுவிட்டு, உன்னையும் உன் கம்ப்யூட்டரையும் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். அவர் பேர் என்ன என்று நான் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா?

"தெரியலம்மா. சிட்டா இருந்தாதானே பேரு எழுத முடியும்?"

நீ விளையாட்டுக்குக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாய். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா என்ன என்ன என்று கேட்டுப் பார்த்துவிட்டு, என் பங்கு அப்பளத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நீ தவறு செய்தாய் என்று நான் சொல்லவில்லை. விதியை மீறிக் கொடுத்திருந்தால் நானே உன்னைத் திட்டியிருப்பேன். ஆனால் உன்னைப் படிக்கவைத்த வயலுக்கும் நம் பேரில் சிட்டா கிடையாது. நீ உடம்பு வளர்த்த சோறு டீச்சர் வயலில் விளைந்தது. அது டீச்சருக்கு மாமனார் வழியில் வந்த சொத்து. என் அப்பாவும் அம்மாவும் அதே வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். டீச்சர் பள்ளிக்கூட வேலையாகக் கும்பகோணத்துக்குக் குடிபோனபோது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கூலிக்கு இறங்கிய வயலில் குத்தகைக்கு இறங்கினோம். அன்றைக்கு நானும் உன் அப்பாவும் பெருமையில் தரையில் நடக்கவில்லை. எழுத்து ஒன்றும் இல்லை, அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டெல்டாவில் பாதி வயல் இப்படித்தான் வாய்ச்சொல்லில் ஓடுகிறது என்று உனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அதன் பிறகு எல்லாமே டீச்சர் பேரில்தான். விதைக்கு அவர் சிட்டா, பயிர்க்காப்பீட்டுக்கு அவர் கையெழுத்து. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வெயிலில் காவல் இருப்பது நாங்கள், எடை போடும்போது கூப்பிடுவது அவர் பேரை. அவர் ஒருநாளும் எங்களை ஏமாற்றியதில்லை, வந்ததை அப்படியே அனுப்பிவிடுவார். ஆனாலும் வேளாண் விரிவாக்க மையத்தில் வரிசையில் நின்று, பேர் என்ன என்று கேட்டால் டீச்சர் பேரைச் சொல்லிச் சொல்லி, எனக்கு இன்னொரு பேர் இருக்கிறது என்பதே அந்த வாசலில் மறந்துபோய்விட்டது.

இப்போது ஜே.சி.பி. கதைக்கு வருகிறேன். உனக்கு அதில் நினைவிருப்பது ஜே.சி.பி. மட்டும்தான், வரப்பில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாய். நம் வயல் கடைமடையில் இருக்கிறது, போதாததற்கு வாய்க்காலைவிட மேடு. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, ஊருக்கெல்லாம் பாய்ந்து முடித்துத் தண்ணீர் நம் மதகுக்கு வரும்போது பள்ளத்து வயலுக்குத்தான் இறங்குமே தவிர நம் வயலுக்கு ஏறாது. டீசல் எஞ்சினை வைத்து இறைத்து இறைத்து அலுத்துப்போனோம். அப்போதுதான் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்தார். மேல்மண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன், வயல் தாழ்ந்துவிடும், தண்ணீர் தானாகப் பாயும் என்றார். டீச்சர் எங்களைக் கேட்டார். உன் அப்பா இழுத்தார். நான்தான் வேகமாகத் தலையாட்டினேன். தண்ணீர் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது, மண் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். அது டிப்பரில் ஏறிப் போய்விட்டது.

அந்த வருஷம் தண்ணீர் அழகாக ஏறி நின்றது. மதகில் சூடம் கொளுத்தினேன். நட்ட நாற்று மட்டும் பச்சை பிடிக்கவே இல்லை. மஞ்சளாக, தூர் கட்டாமல், காய்ச்சல் கண்ட பிள்ளை போல நின்றது. கூரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறோம். மண்ணெடுக்க அனுமதி, கட்டுப்பாடு எல்லாம் எதற்கு, நம் வயல் நம் இஷ்டம் என்று இன்றைக்கும் யாராவது பேசினால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்தக் கட்டுப்பாடு அன்றைக்கு எங்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தால் அதற்கும் ஒரு சூடம் கொளுத்தியிருப்பேன்.

போன மண்ணைத் திரும்ப உண்டாக்கியதுதான் எங்கள் பிழைப்பாக ஆனது. கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டி வருபவர்களைப் பிடித்து வயலில் கிடை போடவைத்தோம். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடம் மட்டும் அடுத்த நடவில் திட்டுத்திட்டாகக் கறுத்து வளர்ந்தது. பிறகு தக்கைப்பூண்டு. கோடை மழைக்கு விதைத்தால் மளமளவென்று இடுப்புக்கு மேல் வளரும், பூவெடுக்கும்போது அப்படியே மடக்கி உழ வேண்டும். முதல் தடவை டிராக்டரைக் கூட்டி வந்துவிட்டு உன் அப்பா வரப்பிலேயே நின்றுவிட்டார். பச்சைப்பசேல் என்று பூத்து நிற்பதைப் பார்த்து, வளர்ந்ததை எப்படி உழச் சொல்வது என்று அவருக்கு மனம் வரவில்லை. நான்தான் டிரைவரிடம், அவர் அப்படித்தான் நிற்பார், நீ இறக்கு என்றேன். நெல் போடாமல் கீரை போட்டிருக்கிறாயா என்று ஊரில் கேலி செய்தார்கள். ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னபோது ஓடினோம். நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டீச்சர் அந்தச் சமயம் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் நம் வயலைத் தாண்டித் தாண்டிப் போனதை நின்று பார்த்தேன். அடுத்த தடவைதான் கிடைத்தது.

உன் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மாவுக்குத் தன் பெருமை மட்டும்தான் என்பாய். விவசாயக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மண்வள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்றாய். யூரியாவைக் குறை, மண்ணில் துத்தநாகம் இல்லை, அதைப் போடு என்றாய். பக்கத்து வயலெல்லாம் கரும்பச்சையாக இருக்க நம் பயிர் வெளிறித் தெரிந்தது. நான் உன்னைப் பேசாத பேச்சில்லை. ஐப்பசி அடைமழையில் அந்தக் கரும்பச்சையெல்லாம் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது, நம்முடையது நின்றது. உரச் செலவும் குறைந்தது. சம்பாவுக்குப் பிறகு உளுந்து தெளித்தோம், அதுவும் கைகொடுத்தது. விவசாய வருமானம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது மூட்டை எண்ணிக்கையில் மட்டும் இல்லை, உரக்கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டாததிலும் இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது உன் அட்டையிலிருந்துதான். அதை மறுக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவன்தான் அந்த அம்மா கதையைச் சொன்ன அதே வாயால் எனக்கும் புத்தி சொன்னாய். டீச்சருக்கு வயதாகிவிட்டது, நாளைக்கு அவர் மகள் வந்து வயலைக் கேட்டால் விட்டுவிட்டுத்தானே வரவேண்டும், அடுத்தவர் மண்ணில் எதற்குத் தக்கைப்பூண்டு, இந்த வருஷத்தோடு குத்தகையை விட்டுவிட்டு இரண்டு பேரும் சீர்காழிக்கு வந்துவிடுங்கள் என்றாய். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னாய். ஆனால் யோசித்துப் பார் தம்பி. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு குத்தகைக்காரரும் இதே கணக்கைப் போட்டால் இந்த டெல்டா மண் என்ன ஆகும்? அடுத்த வருஷம் இந்த வயலில் நான் இருப்பேனா என்று தெரியாதவர் யூரியாதான் போடுவார், அது இந்த அறுவடைக்குள் கணக்குத் தீர்த்துவிடும். தக்கைப்பூண்டும் வண்டலும் மெதுவாகத்தான் பலன் கொடுக்கும். மண்ணைக் காப்பாற்ற அரசாங்கம் விதை கொடுக்கிறது, வண்டல் கொடுக்கிறது, அட்டை கொடுக்கிறது. எல்லாம் நல்ல காரியம், நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஆனால் எல்லாமே நிலத்தின் பேருக்குப் போகிறது. அந்த நிலத்தில் இறங்கி நிற்பவர் நாளைக்கும் அங்கேயே நிற்பார் என்ற உறுதியை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் பாதிதான்.

உன் போனுக்குப் பிறகு நான் செய்தது உனக்குத் தெரியாது. உளுந்து அடித்து மூட்டை கட்டியதும், டீச்சருக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்கப் போகிறேன் என்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பார். டீச்சர் காப்பி கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, குத்தகையை எழுத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். டீச்சர் கேட்டார்:

"உன் பையன் ஆபீசராயிட்டான்ல?"

"ஆமாங்க டீச்சர்."

"அதான் யோசிக்கிறேன். சாதாரண ஆளுக்கு எழுதிக் குடுக்கவே எல்லாரும் பயப்படுறாங்க. ஆபீசர் அம்மாவுக்கு எழுதிக் குடுத்தா, நாளைக்கு என் பொண்ணு வந்து கேட்டா நிலம் திரும்ப வருமா?"

பார்த்தாயா, உன் வேலை எனக்கு எங்கே வந்து இடித்தது என்று. கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் பயமும் பொய் இல்லை. எழுத்து இருந்தால் குத்தகைக்காரரைக் கிளப்ப முடியாது என்று சட்டம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிலத்தை விடாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அதனால்தான் யாரும் எழுதுவதில்லை, எழுதாததால்தான் உன் ஆபீஸ் வாசலில் அந்த அம்மா சண்டை போடுகிறார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

"நான் நிலத்தைக் கேக்கலீங்க டீச்சர். அதுல நான் போடுறது எதுக்கும் என் பேரு இல்லையே, அதைத்தான் கேக்குறேன்."

வயலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சித்திரை வெயிலில், மூட்டு வலியோடு, குடை பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வரப்பில் நடக்கக் கையைப் பிடித்துக்கொண்டேன், உன் அப்பா பின்னாலேயே வந்தார். சூளை டிப்பர் ஏறி இறங்கிய மூலையை நாங்கள் பயிர் வைக்காமல் அப்படியே விட்டிருக்கிறோம் அல்லவா, அங்கே மண்வெட்டியைப் போட்டேன், ணங்கென்று எம்பியது. நடு வயலில் போட்டேன், இறங்கியது. கறுப்பாக, பொலபொலவென்று வந்த மண்ணை அள்ளி அவர் கையில் கொடுத்தேன், உள்ளே மண்புழு நெளிந்தது. அவர் அருவருப்புப் படாமல் உதிர்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"மண்ணு இவ்வளவு நல்லா இருக்குன்னு காட்டுறியே. நல்லா இருந்தா நல்ல விலைக்குப் போகும்னு என் மாப்பிள்ளை சொல்வாரே. அதுக்கு என்ன பண்ணுவ?" என்றார்.

என் உழைப்பைக் காட்டுவதாக நினைத்து அவருக்கு விலையைக் காட்டியிருக்கிறேன். கெட்டுக்கிடந்தபோது யாரும் கேட்காத வயலை, கேட்கும்படி ஆக்கியதே நான்தான். வெயில் தலையைப் பிளந்தது, அழுகை வந்தது, டீச்சர் முன்னால் அழக்கூடாது என்று குனிந்து மண்வெட்டியைத் துடைத்தேன். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். நாள் முழுக்கப் பேசாதவர் எப்போது பேசுகிறார் பார்.

"விக்கிறதுன்னா வித்துக்கங்க டீச்சர். அதுவரைக்கும் நாங்க போட்டுக்கிட்டுதான் இருப்போம். அதுல மாத்தம் இல்லை."

அந்த மண்வெட்டிக் காம்பாலேயே அவரை ஒன்று வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம். எழுத்து கேட்கக் கூட்டி வந்தவரிடம், எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டாரே. டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு, கொஞ்சம் உட்கார வேண்டும் என்றார். தென்னை நிழலில் உரச்சாக்கை விரித்து உட்காரவைத்தோம். இளநீரைக் குடித்து முடித்தார்.

"என் காலம் இருக்குறவரைக்கும் எழுதித் தர்றேன். அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார்.

போதும் என்றேன். உண்மையிலேயே போதும் தம்பி. அதற்கு மேல் எனக்கே என் காலத்துக்கு யார் வாக்குக் கொடுத்தார்கள்? நீ கவலைப்படுகிற மாதிரி நாளைக்கு மகள் வரலாம், மாப்பிள்ளை விற்கலாம். விற்றாலும் அந்த மண்ணை வாங்குபவருக்கு அதில் நெல் விளையும். நான் அதில் போட்ட உழைப்பு பொய்யாகிவிடாது. அவர் சொன்னபடியே அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் சாகுபடிச் சான்று கொடுத்தார். அதில் பயிர் செய்பவர் என்ற இடத்தில் என் பேர் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு விதைக்குப் போனேன். உன் வயதுதான் இருக்கும் அந்த அலுவலருக்கு, நல்ல பெண். பேர் என்னங்க என்று கேட்டார். நான் பழக்கத்தில் டீச்சர் பேரைச் சொல்லிவிட்டேன். சான்றைப் பார்த்துவிட்டு, இதில் வேறு பேர் இருக்கிறதே, இவங்க யாரு என்றார். நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் தூசி என்று நினைத்திருப்பார்கள். வைகாசி மழைக்கு விதைத்தாயிற்று, இப்போது முழங்காலுக்கு நிற்கிறது. மடக்கி உழும்போது அப்பாவை அந்தப் பக்கம் வரவிடுவதாக இல்லை.

சீர்காழிக்கு வருவேன். நாலு நாள் இருந்து உனக்கு நல்ல குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உனக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். அந்த அம்மாவைத் தேடிப் போ. அவர் பேரும் ஊரும் ஆபீசில் எழுதிவைக்கவில்லை என்று சொல்லாதே, தக்கைப்பூண்டு கேட்டுச் சண்டை போட்ட அம்மா எந்த ஊர் என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூடச் சொல்வார். முதலில் அவர் பேரைக் கேள். பிறகு நிலத்துக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீ அவரிடம் போய்ப் பேசு. விதியை நீ மீற வேண்டாம், அந்த விதிக்கு வேண்டிய எழுத்தை வாங்க அவரோடு கூடப்போவதை எந்த விதியும் தடுக்கவில்லை. எனக்காக நீ வந்து கேட்டிருந்தால் டீச்சர் இன்னும் பயந்திருப்பார். அந்த அம்மா உனக்கு உறவில்லை. அதனால் நீ கேட்டால் எடுபடும், நிலத்துக்காரருக்கு என்ன பயம் என்பதையும் பொறுமையாகக் கேட்டு அதற்கும் பதில் சொல்ல உன்னால் முடியும். ஆனி முடிவதற்குள் போ, அதற்கு மேல் விதைத்தால் சம்பா நடவுக்குள் பூவெடுக்காது.

போகும்போது விதை மூட்டையையும் வண்டியில் வைத்துக்கொண்டு போ. நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்தால் அங்கேயே அந்த அம்மா கையில் கொடுத்துவிடலாம். கொடுக்கவில்லை என்றால் நீயே அதைத் தூக்கித் திரும்பக் கொண்டு வா. வெறுங்கையோடு படியிறங்கிப் போன அந்த அம்மா எவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு போனார் என்று அப்போது உனக்குத் தெரியும்.

அம்மா